கறுப்புக் கரையை வெட்டாதீர்கள்!

புடவைக்குக் கரை அழகு. வேட்டிக்கும் கரை அழகு. ஆனால் கல்யாண வீடியோவில் கறுப்புக் கரை இருந்தால் மட்டும் நமக்குப் பிடிப்பதில்லை.

"இது என்ன, துக்கக் கடிதமா? இரண்டு பக்கமும் கறுப்பு அடித்து வைத்திருக்கிறீர்களே!" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம்.

அந்தச் சண்டையில் நாம் ஜெயித்தால், நஷ்டம் நமக்குத்தான். எப்படி என்று கேட்கிறீர்களா? என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

அப்பா முகம் எங்கே?

என் அக்காள் கல்யாணம் 1991-ம் ஆண்டில் நடந்தது. வீடியோ கேசட்டில் படம் எடுத்தார்கள். 1996-ல் அப்பா காலமாகிவிட்டார். அவர் நடப்பதை, சிரிப்பதை, பேசுவதைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஒரு கேசட்தான் உண்டு.

கேசட்டை எத்தனை நாள் நம்பியிருப்பது? அதைப் போட்டுப் பார்க்கும் வி.சி.ஆர். கருவியைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பான் நாட்டுக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஆகவே, அக்காள் மகன் கேசட்டை ஒரு கடைக்கு எடுத்துப் போனான். "பென் டிரைவில் ஏற்றிக் கொடுங்கள். டி.வி. முழுக்கப் படம் வரவேண்டும். ஓரத்தில் கறுப்பு இருக்கக் கூடாது" என்றான்.

கடைக்காரர் அப்படியே செய்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம்.

பாத பூஜை வந்தது. தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆனால் பாதத்தைக் காணோம்!

தாரை வார்க்கும் கட்டம் வந்தது. அப்பா உயரமானவர். அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறார். தோளில் துண்டு தெரிகிறது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"அவர் முகம் எங்கேடா?" என்று அம்மா கேட்டாள். யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடைக்காரர் பேரில் குற்றம் இல்லை. சொன்னதைச் செய்தார். கேட்டது நாம்தானே?

கணக்கு இதுதான்

அந்தக் காலத்து டி.வி. பெட்டியில் படத்தின் அகலம் 4 பங்கு. உயரம் 3 பங்கு. இன்றைய டி.வி.யில் அகலம் 16 பங்கு. உயரம் 9 பங்கு. பழைய படத்தை 9 பங்கு உயரத்துக்கு வைத்தால், அகலம் 12 பங்குதான் வரும். மீதி 4 பங்கு காலி. இடது பக்கம் 2 பங்கு. வலது பக்கம் 2 பங்கு. அந்தக் காலி இடம்தான் கறுப்பாகத் தெரிகிறது.

கறுப்பு எதையும் மறைக்கவில்லை. அங்கே மறைப்பதற்குப் படமே இல்லை!

அந்தக் காலி இடத்தை நிரப்ப இரண்டு வழி உண்டு. இரண்டும் கெடுதல்.

ஒன்று, படத்தை இழுப்பது. 3 அடி அகலம் 4 அடியாகும். மணப்பெண்ணின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும்.

இன்னொன்று, படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டுவது. நம் நாட்டு டி.வி. முறையில் படத்துக்கு 576 வரிகள். இப்படி வெட்டினால் 432 வரிகள்தான் மிஞ்சும். மேலே 72, கீழே 72, ஆக 144 வரிகள் போய்விடும். காற்பங்குப் படம் குப்பைக்கு! எங்கள் அப்பா முகம் போனது அந்த மேல் 72 வரிகளில்தான்.

சினிமாவுக்கும் இதே நியாயம். 1973-ல் வந்த 'ராஜ ராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அகலமான படம். டி.வி.யில் போட்டால் மேலும் கீழும் கறுப்பு வரத்தான் செய்யும். அதை நிரப்பப் பார்த்தால், ஓரத்தில் நிற்கிற நடிகர் காணாமல் போவார்.

செல்போனை நிற்க வைத்து எடுத்த படமோ டி.வி. அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிரப்பாது. எடுத்த பிறகு அதற்கு மருந்து இல்லை. டி.வி.யில் பார்க்கப் போகும் படமானால், எடுக்கும்போதே போனைப் படுக்க வைத்து எடுங்கள்.

எந்தக் கறுப்பு தவறு?

எல்லாக் கறுப்பும் நல்லது என்று நான் சொல்லவில்லை. நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, படம் நடுவில் சின்னதாகத் தெரிந்தால் அது தவறு. ஒருமுறை மேலும் கீழும் கறுப்பு சேர்த்த படத்தை, இன்னொருமுறை பக்கங்களிலும் கறுப்பு சேர்த்துப் பதிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தக் கறுப்பைத் தாராளமாக வெட்டலாம். படத்தின் விளிம்போடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

கேசட்டின் அடியில் சில வரிகள் நெளியும். பழைய பெட்டியில் அது சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. புது டி.வி. அதைக் காட்டிக் கொடுக்கிறது. பார்ப்பதற்கு எடுக்கும் பிரதியில் அந்தச் சில வரிகளை மட்டும் நீக்கலாம்.

'ஹேண்ட்பிரேக்' என்ற இலவசச் செயலி கறுப்புக் கரையைத் தானே கண்டுபிடித்து வெட்டும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இருட்டுக் காட்சியைக் கரை என்று எண்ணி ஏமாறும். ஐந்தாறு இடங்களில் நிறுத்திப் பாருங்கள். கரை எங்கே முடிகிறது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

கண் சிமிட்டும் கறுப்பு

எங்கள் வீட்டில் கேசட் பத்திரமாக இருந்தது. அம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தாள். மறுபடி ஏற்றினோம். இந்தத் தடவை கரையோடு ஏற்றினோம். முகம் வந்தது. ஆனால் இன்னொரு தொல்லையும் வந்தது. நடுநடுவே திரை 'பளிச்' என்று ஒரு கணம் இருண்டது.

வீடியோ என்பது அசையாத படங்களின் வரிசை. நம் கேசட்டில் ஒரு வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் ஒரு 'பிரேம்'. அதில் ஒன்று கறுப்பானால்கூடக் கண்ணுக்கு உறுத்தும். பூ கட்டும்போது இரண்டு பூவுக்கு நடுவே இடம் விட்டால் நார் தெரிகிறதல்லவா? அதுபோலத்தான்.

காரணம் பல உண்டு. முதலில் கேசட்டையே போட்டுப் பாருங்கள். அதிலும் கறுப்பு இருந்தால், காமிராவை நிறுத்தி மறுபடி ஓட்டிய இடமாக இருக்கலாம். அது ஏற்றியவர் தவறு அல்ல.

கேசட்டில் இல்லையானால், துண்டுகளை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். எடிட்டிங் செய்யும் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினால் ஒரு பிரேம் அளவு இடைவெளி தெரியும். பின்னால் இருக்கும் துண்டை முன்னால் நகர்த்தி ஒட்ட வேண்டும். வேலை தீர்ந்தது.

துண்டின் தொடக்கம் மட்டும் கறுப்பாகவோ அசையாமலோ இருந்தால் வேறு காரணம். கம்ப்யூட்டர் எல்லாப் பிரேமையும் முழுசாக எழுதி வைப்பதில்லை. ஒன்றை முழுசாக எழுதும். அடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறிக்கும். நடுவில் வெட்டினால் மூலப் பிரேம் இல்லாமல் படம் தடுமாறும். முழுப் பிரேமில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துண்டைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

கடைசியில் கறுப்பு வந்தால், பாட்டு படத்தைவிட நீளமா என்று பாருங்கள். படம் முடிந்தும் பாட்டு ஓடினால் திரை இருண்டுதான் கிடக்கும். பாட்டைக் குறைத்தால் போதும்.

மூன்று மணி நேரப் படத்தில் இதையெல்லாம் எப்படித் தேடுவது? 'எப்எப்எம்பெக்' என்ற இலவசச் செயலி தேடிக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: அதில் அளவு மாற்றாவிட்டால், குறைந்தது 2 வினாடி நீடிக்கும் கறுப்பைத்தான் சொல்லும். ஒற்றைப் பிரேம் தப்பிவிடும். அளவைக் குறைத்து வைத்துத் தேட வேண்டும்.

கடையில் என்ன சொல்வது?

மூன்றே விஷயம் சொல்லுங்கள். "கேசட்டில் உள்ளபடி, வெட்டாமல், இழுக்காமல் ஒரு மூலப் பிரதி கொடுங்கள். அழகு செய்வதானால் வேறு பிரதியில் செய்யுங்கள். கேசட்டைத் திருப்பிக் கொடுங்கள்."

வாங்கி வந்ததும் முழுதும் பாருங்கள். பார்க்காமல் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வெட்டியது வெட்டியதுதான். கேசட் இல்லாவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் எங்கள் அப்பா முகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்காது.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடும்போது இரண்டு பக்கமும் கறுப்பு நிற்கிறது. போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், "கறுப்பு உறுத்துகிறதா, அம்மா?" என்று.

"எந்தக் கறுப்பு?" என்றாள் அம்மா.