ஷோரூமில் மட்டும் தெரிகிற மீட்டர்

"அண்ணே, வெயில்ல மீட்டரே தெரிய மாட்டேங்குது. உள்ள கொஞ்சம் பவரா பல்பு போட்டுத் தர்றீங்களா?" புதுப்பேட்டையில் இருக்கும் என் மீட்டர் ரிப்பேர் கடைக்குப் புதுக் காரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். போட்டால் காசுக்குக் கேடு. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஆபீஸ் அறையில் 500 இருந்தாலே தாராளம். அந்த வெயிலோடு மல்லுக்கு நிற்க எந்த பல்பாலும் ஆகாது.

கோளாறு பல்பில் இல்லை, மீட்டரின் அமைப்பில் இருக்கிறது. பழைய வண்டிகளில் கறுப்பு டயல், வெள்ளை எழுத்து, ஒரு முள், அவ்வளவுதான். வெயில் பட்டால் அந்த வெயிலே எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். திரைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தன் சொந்த வெளிச்சத்தில்தான் அது தெரிந்தாக வேண்டும்.

அதற்கு மேலே கண்ணாடி. கண்ணாடி என்று பெயர்தான், அநேகமாகப் பிளாஸ்டிக். அதன் ஒவ்வொரு முகமும் தன்மேல் படுகிற வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முன்முகம், பின்முகம் இரண்டுக்கும் சேர்த்து 8. வெயிலில் 8 சதவீதம் என்பது சாமானியம் இல்லை. பழைய ஆட்கள் இதைச் சமாளித்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். கண்ணாடியை உள்வாங்கி வளைத்து, சாய்த்து வைத்தார்கள். மேலே தொப்பி விளிம்பு மாதிரி ஒரு ஹூட். கண்ணாடியில் திரும்பி வருவது அந்த ஹூட்டின் கறுப்பு அடிப்பக்கம் மட்டும்தான் என்பதால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதுவும் மின்னாது.

இப்போது ஹூட்டை எடுத்துவிட்டார்கள். தட்டையான திரையை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் பளபளவென்று பியானோ பிளாக் பட்டை. டாக்ஸி ஓட்டுகிற தம்பிகளைக் கேளுங்கள். யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை. நெஞ்சில் வெயில் விழுந்தால் மீட்டரில் ஸ்பீடு தெரியாது, சட்டைப்பையில் செருகிய பேனா தெரியும்.

உச்சி வெயிலில் இந்தத் தொல்லை குறைவு, வண்டியின் கூரை மறைத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருகிற வெயில்தான் எமன். விடிந்ததும் சென்னையிலிருந்து வேலூர் பக்கம் கிளம்பினால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பின் கண்ணாடி வழியே தோளுக்கு மேலாக வந்து நேரே மீட்டரில் விழும். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதை. எதிர்வெயிலில் போகிறவருக்குக் கண் கூசும், ஆனால் மீட்டர் தெரியும்.

ஸ்பீடு தெரியாவிட்டால்கூடப் போகிறது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்கள் 80-ஐத் தாண்டினால் பீப் அடித்துச் சொல்லும். எச்சரிக்கை விளக்குகள் எல்லாவற்றுக்கும் அப்படிச் சத்தம் கிடையாது. என் வாடிக்கையாளர் ஒருவர் மாலை வெயிலை முதுகில் வாங்கியபடி ஊர் திரும்பியிருக்கிறார். டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. போனெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் போட்டு, செலவு எங்கேயோ போயிற்று. மெக்கானிக் அவரைத் திட்டினார். நான் அந்த மீட்டரைத் திட்டினேன்.

ஸ்பீடோமீட்டர் பகலிலும் இரவிலும் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் வாகன விதி 39. பகல் என்றால் எந்தப் பகல்? மேகம் மூடிய பகலா, ஆனி மாதச் சாயங்காலமா? புது மாடலுக்கு அனுமதி கொடுக்கும் முன் தோளுக்குப் பின்னாலிருந்து வெயிலை விழவைத்து, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இதைத்தான். செய்ய முடியாத காரியமும் இல்லை. செல்போனில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நிற்காமல் பசை போட்டு ஒட்டுகிறார்களே, அதைக் காரில் செய்தாலே திருப்பி அனுப்புகிற முகங்கள் குறைந்துவிடும். ஹூட்டோ வெறும் பிளாஸ்டிக்.

அதுவரை கையில் இருக்கிற வண்டியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்டர் கண்ணாடியைக் காய்ந்த பனியன் வேஸ்ட்டால் துடைக்க விடாதீர்கள். கழற்றிய கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வட்ட வட்டமாக முடிக்கீறல்கள் மின்னும். வெள்ளைப் படலமாகத் தெரிவது பாதி அந்தக் கீறல்தான். ஈரமான மெல்லிய துணி போதும். டாஷ்போர்டுக்கு பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது மினுமினுத்து முன் கண்ணாடியில் ஏறி உட்காரும். அங்கே விரிக்கிற வெள்ளை டவலும் அப்படித்தான். திரைக்கு மேட் ஃபினிஷ் ஸ்க்ரீன் கார்டு ஒட்டலாம், ஓரளவு கேட்கும். பகலில் ஹெட்லைட் போட்டால் பல வண்டிகளில் மீட்டர் தானாக மங்கும், பிரைட்னஸைக் கூட்டி வைக்க வேண்டும். சன் ஃபிலிமைச் சொல்வார்கள். கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-லேயே கழற்றச் சொல்லிவிட்டது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது சட்டம். லட்சத்தில் 70 சதவீதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனிமேல் வாங்கப்போகிறவர்கள் டெஸ்ட் டிரைவைச் சாயங்காலம் கேளுங்கள். வெள்ளைச் சட்டையில் போய், வண்டியைக் கிழக்கே பார்த்து ஓட்டுங்கள். "சன்ரூஃபும் இருக்கு சார்" என்பார் விற்பனைப் பையன். அதையும் திறக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் படித்துப் பாருங்கள்.