முகவரியற்றோரும் வலையமைப்புக் கல்வியும்

ஒரு சமூகத்தின் கல்வி நிலையை அது பெற்ற சான்றிதழ்களின் தொகையைக் கொண்டு அளவிடுதல், தேயிலையின் தரத்தைக் கொழுந்துக் கூடையின் பாரத்தைக் கொண்டு அளவிடுவதை ஒக்கும். பாரம் கூடலாம், ஆயின் முற்றிய இலையும் காம்பும் கலந்த கொழுந்து தொழிற்சாலையில் நல்ல தேயிலையாக மாறுவதில்லை. மலையகத் தமிழ் இளைஞரிடையே இன்று பரவிவரும் கணினி வலையமைப்புக் கல்வி இவ்வெளிய உண்மையை மறந்துவிட்டது.

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையின் பின்னர்த் தகவல் தொழினுட்பத் துறையின் நுழைவாயிற் சான்றிதழ்களை நாடத் தொடங்கியுள்ளனர். சிஸ்கோ நிறுவனம் வழங்கும் சி.சி.என்.ஏ., கொம்ப்டியா அமைப்பு வழங்கும் நெட்வேர்க் பிளஸ் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. இந்நாட்டம் பழிக்கத்தக்கதன்று. 1867 இல் தேயிலை வணிக நோக்கிற் பயிரிடப்பட்ட காலந்தொட்டு, மலைக்கு வந்த ஒவ்வொரு தொடர்பும் தேயிலைக்காகவே வந்தது. புகையிரதப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. அது பெட்டியில் அடைத்த தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டு செல்ல வந்ததேயன்றி, கொழுந்து கொய்தவரின் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு செல்ல வந்ததன்று. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று உலகத்தின் தொடர்புப் பாதைகளைத் தாமே அமைக்கவும் பழுதுபார்க்கவும் விரும்புவது வரலாற்றுக்கு இறுக்கும் தக்க மறுமொழியாகும். குறை விருப்பத்தில் இல்லை. அவ்விருப்பம் நிறைவேற்றப்படும் முறையிலேயே உளது.

அம்முறையைச் சற்று நோக்குவோர்க்கு அதன் போலித்தன்மை புலனாகும். வலையமைப்புத் தொடர்பாடலை ஏழு அடுக்குகளாகப் பகுத்து விளக்கும் மாதிரியொன்றை அனைத்துலக நியமங்கள் நிறுவனம் 1984 இல் வெளியிட்டது. அவ்வடுக்குகளின் முதலெழுத்துகளை நினைவில் இருத்துதற்பொருட்டு, 'பீட்சா' என்னும் பண்டத்தை வீசியெறிய வேண்டாம் எனப் பொருள்படும் ஆங்கில வாக்கியமொன்று உலகெங்கும் வழங்குகின்றது. டிக்கோயாவில் லயன் காம்பராவில் இருந்து படிக்கும் மாணவன், தான் உண்டறியாத பண்டத்தைப் பற்றிய வாக்கியத்தை மனனஞ்செய்து ஏழு பெயர்களையும் ஒப்புவிக்கின்றான். அடுக்குகளாகப் பகுப்பதன் நோக்கம் யாது என வினவினால் வாய் மூடுகின்றான். கடிதம் எழுதுவோன் புகையிரதத்தை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புகையிரதத்தை ஓட்டுவோன் கடிதத்தைப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பணியை ஆற்ற, கடிதம் சேருமிடம் சேர்கின்றது. அடுக்குமுறையின் உட்பொருள் இதுவே. இதனைத் தமிழில் ஐந்து நிமிடத்தில் விளக்கலாம். விளக்குவாரின்மையால் ஐந்து மாத மனனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. ஐ.பி. முகவரியின் நான்காம் பதிப்பு 32 பிற்றுகளால் ஆனது. அவற்றுள் 26 பிற்றுகள் வலையமைப்பைக் குறிக்குமாயின், எஞ்சிய 6 பிற்றுகளால் 64 முகவரிகளை அமைக்கலாம். வலையமைப்பின் பெயருக்கு ஒன்றும் அனைவர்க்குமான அறிவிப்புக்கு ஒன்றும் நீங்க, 62 கணினிகளுக்கு முகவரி வழங்கலாம். இரண்டை ஆறுமுறை பெருக்கத் தெரிந்தவர்க்கு இஃது அரியதன்று. ஆயின் 'இருபத்தாறு எனில் அறுபத்திரண்டு' என மட்டும் மனனஞ்செய்தவர், வினா இருபத்தேழு என மாறியவுடன் திகைக்கின்றார். விடை முப்பது என்பதைக் காணும் வழி அவரிடம் இல்லை.

இம்மனனக் கல்வியின் கீழெல்லை, பரீட்சையில் வந்தவை எனக் கூறி விற்கப்படும் வினாவிடைத் திரட்டுகளாகும். அவற்றைப் பயன்படுத்துதல் பரீட்சை விதிகளுக்கு முரணானது என்பது ஒருபுறமிருக்க, அது தொழிலாளர் குடும்பமொன்றின் உழைப்பைக் கொள்ளையிடுவதுமாகும். சி.சி.என்.ஏ. பரீட்சையின் கட்டணம் 300 அமெரிக்க டொலர். டொலருக்கு 300 ரூபா எனக் கொண்டால் 90,000 ரூபாவாகும். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தின்படி, ஒரு தாய் அட்டைக்கும் மழைக்கும் இடையே 66 முழுப் 'பேர்' போட்டாலும் அத்தொகை நிறையாது. அங்ஙனம் பெற்ற சான்றிதழ் மூன்றாண்டுகளே செல்லும். விடையை மனனஞ்செய்து தேறியவன் முதன்முறை பணிக்குச் செல்லும்போது, வாடிக்கையாளர் 'இணையம் வேலை செய்யவில்லை' என்று மட்டுமே கூறுவார். நான்கு விடைகளைத் தந்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லமாட்டார். வடம் பொருந்தியுள்ளதா, கணினிக்கு முகவரி கிடைத்துளதா, வாயில் எனப்படும் வழிப்படுத்தி மறுமொழி தருகின்றதா, இலக்கத்தால் அடையக்கூடிய தளம் பெயரால் அடையப்படாதிருப்பின் பெயரை முகவரியாக மாற்றும் சேவையில் பழுதுளதா எனப் படிப்படியாக ஆராய்வதே வலையமைப்பறிவாகும். அஃதில்லாதவன் சின்னாட்களில் திருப்பியனுப்பப்படுவான். அப்போது 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இஃதெல்லாம் ஏறாது' என்னும் பழைய ஏளனம் புதிய ஆதாரத்தைப் பெறும்.

இவ்வடிப்படைகளை ஏனையோரினும் ஆழமாக உணரத்தக்க அனுபவம் மலையக மாணவர்க்கே வாய்த்துளது என்பது சிந்திக்கற்பாலது. வலையமைப்பின் முதல் விதி, தொடர்புகொள்ளும் ஒவ்வொன்றுக்கும் தனித்த முகவரி வேண்டும் என்பதாகும். இன்றும் பல தோட்டங்களில் லயன் குடியிருப்பாளர்க்குத் தனித்த முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயருமே அவர்தம் முகவரி. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குச் சென்று அங்கிருந்தே பிரிக்கப்படுகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்தபின் கைக்கு வருவது மலையகத்தில் நெடுங்காலமாக ஒலிக்கும் முறைப்பாடு. வலையமைப்பிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 1996 இல் வகுக்கப்பட்ட விதிப்படி, உள்ளக வலையமைப்புக்கெனச் சில முகவரிகள் ஒதுக்கப்பட்டன. அவற்றைக் கொண்ட கணினிகள் வெளியுலகுக்குத் தெரிவதில்லை. வாயிலில் நிற்கும் வழிப்படுத்தியின் ஒற்றை முகவரியே அனைத்துக்குமாக நிற்கும். ஆயின் அவ்வழிப்படுத்தி, எந்த மறுமொழி எந்தக் கணினிக்கு உரியது என்பதைக் குறித்து வைத்து உடனுக்குடன் சேர்ப்பிக்கின்றது. பொறிக்கு இருக்கும் அந்தப் பொறுப்பு கந்தோர் மேசைக்கு இல்லை. தன் கடிதம் தாமதமாகக் கிடைத்தமையால் வாய்ப்பிழந்த இளைஞனுக்கு, முகவரி என்பதன் பொருளை எந்த ஆங்கில வாக்கியமும் கற்பிக்க வேண்டியதில்லை. அவனுடைய வாழ்விலிருந்து பாடத்தைத் தொடங்காத ஆசிரியனே குற்றவாளி.

இக்கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் எழுப்பப்படுகின்றன.

முதலாவது, இத்துறையைத் தமிழிற் கற்பித்தல் இயலாது என்பது. இஃது அறியாமையின் விளைவு. இலங்கையின் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தமிழ் மொழியிலும் பரீட்சிக்கப்படும் பாடம், வலையமைப்பும் ஐ.பி. முகவரியிடலும் அதன் பாடத்திட்டத்தில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். உடலின் நரம்பையும் நாளத்தையும் அன்று விளக்கிய மொழி, இன்று கணினியின் வடத்தை விளக்க வலியற்றது என்பார், மொழியின் குறையைக் கூறவில்லை. தம் சோம்பலையே கூறுகின்றார்.

இரண்டாவது, பரீட்சை தமிழில் நடைபெறுவதில்லை, பணியிடத்தின் மொழியும் ஆங்கிலம், ஆகவே தமிழ் பயனற்றது என்பது. இதன் முற்பகுதி உண்மை. ஆங்கிலம் கட்டாயம் கற்கப்படல் வேண்டும். அதனை மறுப்போர் மாணவர்க்குத் தீங்கிழைப்பர். ஆனால் ஆங்கிலத்திற் பரீட்சை எழுதுவதற்கும் ஆங்கிலத்தில் மட்டுமே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. தாய்மொழியில் விளங்கியவன் ஆங்கிலச் சொல்லைப் பெயராக ஏற்றுக்கொள்வான். விளங்காதவனுக்கு அச்சொல்லே சுவராகிவிடும்.

மூன்றாவது வாதம் இரக்கத்தின் உருவில் வருகின்றது. வறியவர்க்கு விரைவான வேலையே வேண்டும், ஆழமான அறிவு வசதி படைத்தோர்க்குரியது என்பர் சிலர். இதுவே மிகக் கொடிய வாதம். தோட்டப் பாடசாலைகள் ஓராசிரியரோடும் ஓரறையோடும் கிடந்த காலத்திற் பேசப்பட்டதும் இதே இரக்கமொழிதான். எழுத்தும் கணக்கும் போதும், கொழுந்து எடுக்க வேறென்ன வேண்டும் என்றனர் அன்று. சான்றிதழ் போதும், வடம் இழுக்க வேறென்ன வேண்டும் என்கின்றனர் இன்று. வலையமைப்பைத் திட்டமிடுபவன் வேறு, கூரையில் ஏறி வடம் இழுப்பவன் வேறு. அடிப்படையை மறுப்பது, மலையகத்தானை என்றென்றும் கூரையிலேயே நிறுத்துவதாகும்.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவு. கணினி ஆசிரியர் இல்லாத மலையகப் பாடசாலைகளுக்கு அவர்களை நியமித்தல் அரசின் கடன். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடங்கள் கைப்பேசிக்கு மாறியபோது, அலை தேடி மாணவர் மலையேறிய காட்சி நாடறிந்தது. அக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. கட்டணம் பெறும் பயிற்சி நிலையங்கள், மாணவனின் கையில் வடத்தையும் வழிப்படுத்தியையும் கொடாது வினாத்தாளை மட்டும் கொடுப்பதை நிறுத்த வேண்டும். சி.சி.என்.ஏ. பயில்வோர் பொறியின்றியும் வலையமைப்பை அமைத்துப் பழகுதற்குச் சிஸ்கோ நிறுவனத்தின் 'பக்கற் றேசர்' மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகமும் தன் பங்கை உணர்தல் வேண்டும். மலையக மக்களின் துயரைக் கவிதையிலும் சிறுகதையிலும் நாடகத்திலும் பாடியது நன்று. ஆயின் அம்மக்களின் பிள்ளைகள் படிக்கத்தக்க வலையமைப்பு அடிப்படை நூலொன்றை, கலைப்பீட மாணவரின் மொழிப்பயிற்சியும் விஞ்ஞான, பொறியியற் பீட மாணவரின் துறையறிவும் இணைந்து எழுதுவதற்குத் தடையாக இருப்பது எது? விழா மேடையில் சிந்தும் கண்ணீரினும், விளங்கும் தமிழில் எழுதப்பட்ட ஐம்பது பக்கங்கள் அம்மாணவர்க்குப் பயன்படும்.

முகவரியற்று வாழ்ந்தோரின் மக்கள், உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் முகவரி வகுக்கும் கலையைக் கற்க வந்துள்ளனர். அவர்கட்கு வேண்டுவது கலையே. அதன் பெயர் பொறித்த தாள் பின்னர் வரும்.