சாரமும் எலும்பும்

பூச்சோங்கில் புதுக் கட்டடங்களைச் சுற்றிச் சாரம் கட்டியிருப்பதை நம் மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அந்தச் சொல்லைக் கொண்டே புற்றுநோய் ஆய்வொன்றை வகுப்பில் விளக்கலாம்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் கல்பனா கட்டியும் தினேஷ் கட்டியும் (கட்டி என்பது குடும்பப் பெயர்!) களிமண் நுண்துகள், எலும்புத் தாது, உடலில் சிதையும் நெகிழி ஆகியவற்றால் துளைகள் நிறைந்த சாரம் ஒன்றை உருவாக்கினர். முதலில் அதில் குருத்தணுக்களை வளர்த்து எலும்புத் திசுவாக்குகின்றனர். பின்னர் மார்பகப் புற்றணுக்களைக் குடியேற்றுகின்றனர். தட்டையான ஆய்வுத் தட்டில் படர்ந்து வளரும் அவ்வணுக்கள் இங்கே உடலில் உள்ளதுபோல் கொத்தாகத் திரள்கின்றன. எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றை முற்றாகக் குணப்படுத்துவது அரிது. அதற்கான மருந்தை எலும்பையொத்த இடத்தில் சோதிப்பதுதானே முறை?

2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது முதல், 'அறிவியலுக்குத் தமிழ் போதாது' என்னும் பெற்றோரைக் கேட்கிறேன்: இதில் எவ்விடத்தில் தமிழ் தடுக்கியது? 'நெகிழி'யிடம் மட்டும் நானும் சற்றுத் தயங்கினேன்.