முதல் அறிக்கை

என் மச்சாள் ரொறன்ரோவில் ஸ்கான் எடுக்கும் வேலை செய்கிறாள். டொக்டர் அல்ல. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் நாடிகளை அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்து முதல் அறிக்கை எழுதுவாள். படங்களையும் அந்த அறிக்கையையும் பார்த்து இறுதி அறிக்கையில் ஒப்பமிடுபவர் டொக்டர்.

போன மாதம் தொலைபேசியில் கதைக்கும்போது, பெயர் சொல்லாமல் ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வன்னியிலிருந்து போனவர். வலது கை பத்து நிமிடம் விறைத்து, பேச்சும் குழறிப் பிறகு சரியாகிவிட்டதாம்.

"தமிழ்ப் பிள்ளைதானே, என்ன இருக்கெண்டு சொல்லன்."

"டொக்டர் பாத்துத்தான் சொல்லுவார் அம்மா."

"எங்களுக்கு எல்லாரும் பிறகுதான் சொல்லுவினம்."

மச்சாளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை. அவள் எழுதியது இவ்வளவுதான்: இடது நாடியில் கொழுப்புப் படிவு, அது எங்கே, இரத்தம் ஓடும் வேகம் எவ்வளவு. குழாய் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் சீறும் அல்லவா? நாடி ஒடுங்கினாலும் அப்படித்தான். 2003இல் அமெரிக்காவில் வெளியான அளவுகோலின்படி, வேகம் வினாடிக்கு 230 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஒடுக்கம் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தாண்டியிருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பாமல் இருத்திவிட்டு, மச்சாள் உடனே டொக்டருக்கு அழைத்திருக்கிறாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என்னுடைய ஓர் அறிக்கை ஞாபகம் வந்தது. சமூகவியல் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்த புதிது. கணவரை இழந்த ஓர் அக்காவின் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து, "பயனாளி ஒத்துழைப்புத் தரவில்லை" என்று எழுதினேன். நான் கண்டது, என் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது மட்டுமே. மற்றது என் நினைப்பு. அந்த வரியை அடுத்தடுத்த உத்தியோகத்தர்கள் அப்படியே பிரதி எடுத்தார்கள். அவருக்கு வரவேண்டிய தையல் மெஷின் வேறொருவருக்குப் போனது. இரண்டாம் முறை போனபோதுதான் தெரிந்தது, ஷெல் விழுந்த அன்றிலிருந்து அவருக்கு இரண்டு காதும் கேட்பதில்லை என்று. திருத்திக் கடிதம் கொடுத்தேன். மெஷின் போனது போனதுதான்.

தோழியரே, ஸ்கான் எடுத்து ஒரு துண்டைக் கையில் தந்தால் "இது கடைசி அறிக்கையா, இன்னும் டொக்டர் பார்க்க இருக்கிறதா?" என்று கேளுங்கள். எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். இடது நாடி அடைத்தால் வலது கைதான் விறைக்கும், குழம்ப வேண்டாம். முகம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால், பத்து நிமிடத்தில் மாறினாலும் "களைப்பு" என்று படுக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிந்தினால் பாரிசவாதம் வந்துவிடலாம்.

அந்த அம்மாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று மச்சாளிடம் கேட்டேன். தெரியாதாம். ஸ்கான் எடுக்கிறவர்களுக்கு அதை ஒருவரும் வந்து சொல்வதில்லையாம்.