திரௌபதி அம்மன் திடலில் நுழைவுச் சீட்டு இல்லை

நாடகம் என்றால் அரங்கம், நுழைவுச் சீட்டு, முன்வரிசை நாற்காலி என்று எண்ணப் பழகிவிட்டோம். சென்னையிலிருந்து குழு வந்தால்தான் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கலையைக் காட்ட முடியும் என்பதும் நம்மில் பலரின் நினைப்பு. ஆனால் கோடை வந்துவிட்டால் சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து நடக்கிறது. பகலில் ஹரிகதை, இரவில் கூத்து. வானமே கூரை. ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போனால் போதும்.

தெலுங்கு அன்பர்கள் இதை வீதி நாடகம் என்கிறார்கள். கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பதும், இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டே வெளிப்படுவதும், மத்தளமும் ஆர்மோனியமும் நம் தெருக்கூத்தில் உள்ளவைதாம். இதில் வியப்பில்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து வந்தது. 1953-இல் ஆந்திரா பிரிந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியது, கூத்து மாறவில்லை.

"விடிய விடிய யார் கண்விழிப்பது? பாட்டெல்லாம் தெலுங்கில் இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். தெலுங்குதான் நமக்கு வசதி என்பேன். பள்ளியில் தெலுங்கு படிக்கும் பேரன் பாட்டிக்குப் பாட்டின் பொருளைச் சொல்வான். அர்ச்சுனன் தபசு மரத்தில் வேடக்காரர் ஏன் ஏறுகிறார், அவர் மேலிருந்து போடும் பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் ஏன் முந்தானை ஏந்தி நிற்கிறார்கள் என்று பாட்டி பேரனுக்குத் தமிழில் சொல்வார். வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இந்தப் பேச்சு நடக்கிறதா?

கடைசி நாளன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவம் தரையில் நீண்டு படுத்திருக்கும். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடமாகப் படித்து மறந்தவர்கள்கூட இதைக் கண்ட பிறகு மறக்கமாட்டார்கள்.

சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827-இல் எழுந்தது. அங்கே 1840 முதல் திரௌபதிக்குத் தீமிதி நடந்து வருகிறது. கப்பலேறிப் போனவர்கள் இதை மறக்காமல் கொண்டு போனார்கள். நாமோ ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருந்துகொண்டு போகாமல் இருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலவசம் என்பது பார்ப்பவருக்கு மட்டுமே. ஊரார் வீட்டுக்கு வீடு வரி போட்டுத்தான் கூத்து வைக்கிறார்கள். இரவெல்லாம் கனத்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்து ஆடுகிறவருக்கும் குடும்பம் உண்டு. சும்மா கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு எழுந்து வருவது முறையல்ல. தட்டில் நம்மால் ஆனதைப் போட வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இதுதான். ஆண்டு விழாவில் மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஏதேனும் ஓர் ஊரில் ஒரு நாள் கூத்தை நம் உபயமாக ஏற்கலாம். அன்று எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து போகலாம். தமிழ் எழுதத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு முதலில் தமிழைக் கேட்கும் ஆசை வரட்டும். எழுத்து தானே பின்னால் வரும்.