வெட்டுப்பட்ட விளிம்புகள்

ஆயிரம் முனைகளுள்ள கோட்டுருவை ஒரே தாளில் வரைந்தால் யாராலும் படிக்க முடியாது. டாக்சிஜன், எல்எல்விஎம் போன்ற நிரலாக்கக் கருவிகள் நமக்காக எழுதித்தரும் கிராஃப்விஸ் டாட் கோப்புகள் பெரும்பாலும் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். ஆகவே கோப்பிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுப்பது நம் அன்றாட வேலை. ஆனால் அதை நம்மில் பலர் செய்யும் முறை கவலை தருகிறது. எடிட்டரில் திறந்து வேண்டாத வரிகளை அழிக்கிறோம், அல்லது கிரெப் கொண்டு வேண்டிய பெயருள்ள வரிகளை வடிக்கிறோம். படமும் பிழைச் செய்தி எதுவுமின்றி வந்துவிடுகிறது. அப்படி வந்துவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

டாட் மொழி மிகவும் தாராளமானது. முனையை முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. விளிம்பில் பெயர் தென்பட்டாலே முனை பிறந்துவிடும். பண்பு குறிக்கப்படாவிட்டால் இயல்புநிலை மதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். கையால் எழுதுவோருக்கு இது பெரிய வசதி, வெட்டுவோருக்கோ இதுவே பொறி. ஒரு பாசனக் கோப்பைப் பாருங்கள். முதல் வரி ‘அணை -> கால்வாய்’. இரண்டாம் வரி, முனைகள் கட்ட வடிவில் இருக்கட்டும் என்னும் பொதுக் கட்டளை. மூன்றாம் வரி ‘கால்வாய் -> வயல்’. (தமிழ்ப் பெயர்களை மேற்கோள்குறி இல்லாமலே முனைப் பெயராக எழுத டாட் இடம் தருகிறது, இதை நம்மவர்கள் இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.) பொதுக் கட்டளை தனக்குப் பின் பிறக்கும் முனைகளுக்கே செல்லும். கால்வாய் முதல் வரியிலேயே பிறந்துவிட்டதால் அது நீள்வட்டம். வயல் மட்டும் கட்டம். இப்போது அணை வேண்டாமென்று முதல் வரியை நீக்குங்கள். கால்வாய் மூன்றாம் வரியில் புதிதாகப் பிறந்து கட்டமாகிவிடும். நாம் தொடாத முனையின் வடிவம் மாறிவிட்டது. வடிவத்துக்குப் பொருள் வைத்திருக்கும் படத்தில் இது பொய்த் தகவல். அதைச் சொல்ல எந்த எச்சரிக்கையும் வராது.

கையால் எழுதிய கோப்புக்குத்தானே இந்தச் சிக்கல், கருவி எழுதும் கோப்பில் வரிக்கு ஒரு விளிம்பாக ஒழுங்காக இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒழுங்கான கோப்புகளில் முனையின் அடையாளம் வேறு, கண்ணுக்குத் தெரியும் பெயர் வேறு. எல்எல்விஎம் நினைவக முகவரியையே அடையாளமாக்குகிறது; டாக்சிஜன் முனைகளுக்கு வரிசை எண் தருகிறது. செயற்கூறின் பெயர் லேபிளில் மட்டுமே இருக்கும். பெயரைத் தேடினால் முனையின் வரி கிடைக்கும், அதன் விளிம்புகள் ஒன்றும் கிடைக்காது. இரண்டு முறை தேடி இணைக்கலாம்தான்; ஆனால் அப்போது நாம் அரைகுறையாக ஒரு பார்சரை எழுதத் தொடங்கிவிட்டோம். முழுமையான பார்சரோ கிராஃப்விஸ் தொகுப்புடனேயே வருகிறது. எம்டன் கேன்ஸ்னர் எழுதிய ஜிவிபிஆர், ஆக் மொழியின் சாயலில் இயங்குவது. ஆக் வரிவரியாகப் படிக்கும். ஜிவிபிஆர் முனைமுனையாகவும் விளிம்புவிளிம்பாகவும் நடக்கும். நீல நிற முனைகள் வேண்டுமென்றால் நிபந்தனை அரை வரிகூட ஆகாது.

கருவி சரியானது என்பதால் தேர்வும் சரியாகிவிடாது. நீல முனைகளை மட்டும் கேட்டால் ஜிவிபிஆர் முனைகளையே தரும், விளிம்புகள் வராது. தேர்ந்த முனைகளுக்கு இடையிலுள்ள விளிம்புகளும் வேண்டுமென்றால் தூண்டப்பட்ட உட்கோட்டுருவைத் தனியே கேட்க வேண்டும். விளிம்புகளைத் தேர்ந்தாலோ இரு பக்க முனைகளும் கூடவே வரும். மூன்றும் வெவ்வேறு கேள்விகள், மூன்றுக்கும் படங்கள் வேறு. இவற்றுள் நாம் அதிகம் நம்புவது தூண்டப்பட்ட உட்கோட்டுருவை. சார்புகளைக் காட்டும் படங்களில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஒரு நிரல்கூறு இடைநிலைக் கூறு ஒன்றின் வழியாக மூன்றாவதைச் சார்ந்திருக்கிறது என்று கொள்வோம். இடைநிலைக் கூறு நீலமில்லை. படத்தில் மற்ற இரண்டும் தொடர்பற்று நிற்கும். ஒன்றை மாற்றினால் மற்றது பாதிக்கப்படாது என்று படிப்பவர் முடிவு செய்வார்; அப்படிச் செய்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. சார்பைக் காட்டுவதே நோக்கமென்றால் நிறத்தையோ பெயரையோ வைத்து மட்டும் பொறுக்காமல், ஒரு முனையிலிருந்து எட்டக்கூடியவை எவை என்று கேட்பதே தகும். தொகுப்பிலுள்ள டைக்ஸ்ட்ரா கருவி தொடக்க முனையிலிருந்து உள்ள தொலைவை, எட்டக்கூடிய ஒவ்வொரு முனையிலும் பண்பாக எழுதிவைக்கும். அதன்மேல் ஜிவிபிஆர் கொண்டு வடிக்கலாம்.

ஜிவிபிஆரின் மொழி புரியவில்லை, பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் போதும் என்பாருக்கு என் மறுப்பு சிறியது. அதுவும் கோட்டுருவைக் கோட்டுருவாகவே படிக்கிறது, ஆகவே கிரெப்பைவிடப் பலமடங்கு மேல். ஆனால் அதில் கிளஸ்டர் என்னும் கருத்தே இல்லாததால், கோப்பில் கட்டிவைத்த குழுக்கள் படிக்கும்போதே உதிர்ந்துவிடும். குழுக்கள் முக்கியமில்லை என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

விடுபட்ட தொடர்புகளை எல்லாம் காட்டப்போனால் படம் மறுபடி பெருத்துவிடாதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். எல்லாவற்றையும் காட்டத் தேவையில்லை. ஒரு முனை உள்ளேயும் மறுமுனை வெளியேயும் இருக்கும் விளிம்புகளே நாம் வெட்டியவை. அவற்றை எண்ணி, உள்ளே நிற்கும் முனையிலிருந்து ஒரே ஒரு புள்ளிக்கோட்டை வெளியே நீட்டி, அதன்மேல் அந்த எண்ணை எழுதினால் போதும். இங்கே இன்னும் இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இனி இந்த இதழுக்குப் பகுதிப் படம் அனுப்புவோர் தேர்வு விதியையும் வெட்டுப்பட்ட விளிம்புகளின் எண்ணிக்கையையும் படத்தின் கீழ் ஒரு வரியில் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.