கோடாரி பிடித்த கைக்கு காவல் காக்கத் தெரியாதா?

சந்தவாசல்:

காட்டைக் காக்கத் தொண்டர்கள் தேவை என்றால் பட்டணத்துப் பிள்ளைகள் பையும் பைனாகுலருமாகக் கிளம்பி விடுகிறார்கள். நல்ல காரியம்தான். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடந்த மழைக்காடுகளில் ஆராய்ச்சியாளர்கள் 20 வருஷத்துக்கும் மேலாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்க்கிறார்கள். சிங்கவால் குரங்கு, இருவாச்சிப் பறவை எல்லாம் கண்காணிக்கப்படுகின்றன.

சந்தவாசலுக்கு மேலே நிற்கும் ஜவ்வாது மலையின் கதை வேறு. சந்தனம் மணத்த மலை அது. கடத்தல் கும்பல் சுரண்டித் தின்றது. மரம் குறைந்ததும், மரம் வெட்டத் தெரிந்த மலைவாசிகளைக் கூலி ஆசை காட்டி ஆந்திராவுக்கு இழுத்தது.

2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது ஆந்திர போலீஸ். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். செத்தது கூலிக்காரன். காசு பார்த்த முதலாளி எங்கே?

தேக்கடியில் மரப்பட்டை திருடியவர்களையே 1990-களில் காவலுக்கும் வழிகாட்டவும் அமர்த்தியது கேரள வனத்துறை. திருடியவர்களே காட்டைக் காத்தார்கள்!

மலைவாசி இளைஞனுக்கு காட்டுத் தடம் அத்துப்படி. ஆனால் சும்மா தொண்டு செய்ய அவனால் முடியுமா? வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? மாதச் சம்பளம் போட்டு, விலங்கு கணக்கெடுக்கும் வேலையை அவனிடம் கொடுக்கட்டும். புரோக்கர் வந்து கூப்பிடுவதற்கு முன்னால் வனத்துறை கூப்பிடுமா?